பாணுக்குள் சுருட்டு

அத்தியாயம் 5

சுருட்டு மேசைமேல் கிடந்தது. அதைச் சுற்றி முக்கால் பாண் ரொட்டி இருந்தது. மீதிக் கால் பங்கை நுவரெலியாவில் ஒரு பெரிய ஹோட்டலில் தங்கியிருந்த ஜெர்மன்காரப் பெண்மணி சாப்பிட்டு முடித்திருந்தார்.

"சாப்பிட்டுட்டாங்களா?" என்றாள் சுலக்ஷனா.

"மூணு துண்டு. நாலாவது துண்டு வெட்டுறப்பதான் கத்தி இதுல இடிச்சிருக்கு. 'வாசனை நல்லாருக்கு, இது இலங்கை மூலிகையா'ன்னு சமையல்காரரைக் கேட்டிருக்காங்க," என்றான் விஜிதரன்.

"அவர் என்ன சொன்னாராம்?"

"ஒண்ணும் சொல்லலியாம். உக்காந்துட்டாராம்."

விஜிதரன் விஜி ஸ்விஸ் பேக்கரியின் முதலாளி. சூரிச் நகரத்தில் பதினொரு வருடம் பாண் சுட்டுவிட்டு, சொந்த ஊரான லிந்துலைக்குத் திரும்பி வந்து கடை போட்டவன். தலையில் முழ உயரத்துக்கு வெள்ளைத் தொப்பி. சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் தெர்மாமீட்டர். மாவின் சூடு, தண்ணீரின் சூடு, அடுப்பின் சூடு எல்லாவற்றையும் அளந்த பிறகுதான் அவனுக்குப் பேச்சே வரும்.

அவனுக்கு எதிரே உட்கார்ந்து பாணைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவள் துப்பறியும் பேச்சியம்மா. இருபது வருடம் தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், காம்பு பொறுக்கியவள். கறுப்புத் தூளுக்குள் கிடக்கும் பழுப்புக் காம்பை ஓடுகிற பெல்ட்டிலிருந்து பிடித்து எடுத்த கண் அது. அந்தக் கண்ணை நம்பித்தான் தையல் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்து, 'விசாரித்துச் சொல்லப்படும்' என்று பலகை மாட்டியிருந்தாள். சுலக்ஷனா அவளுடைய உதவியாளர். ஊரில் த்ரீவீல் ஓட்டும் ஒரே பெண். வண்டிக்கு பிரேக் உண்டு, வாய்க்குக் கிடையாது.

"யார் மேல சந்தேகம்?" என்றாள் பேச்சியம்மா.

"சந்தேகமே இல்ல. அடுப்பறைக்குள்ள போறது ரெண்டு பேர். நானும் லோஜினியும். நான் வைக்கல. அப்ப லோஜினி."

"கணக்கு சுருக்கமா இருக்கு," என்றாள் சுலக்ஷனா.

லோஜினி கதவோரம் நின்றாள். இருபத்துமூன்று வயது. ஏப்ரனைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். பேச்சியம்மாவைக் கூப்பிட்டது முதலாளி அல்ல, அவள்தான்.

"பன்னெண்டு மணிக்கு ஹோட்டல்ல இருந்து பஸ்மிலா மிஸ் வர்றாங்க," என்றாள். "யார் செஞ்சதுன்னு பேர் வேணுமாம். அந்த ஆள் இனிமே அடுப்பறைக்குள்ள வரக்கூடாதாம். இல்லாட்டி ஓடரை நிப்பாட்டிருவாங்களாம். சேர் என் பேரைச் சொல்லப் போறார். எனக்கு இங்க வேலை போச்சுன்னா திங்கக்கிழமை கொழும்பு பஸ். கார்மென்ட்ஸ். நான் சத்தியமா வைக்கலக்கா."

"இப்ப மணி என்ன?"

"ஒம்பதரை," என்றாள் சுலக்ஷனா. "ரெண்டரை மணி நேரம் இருக்கு. நம்ம போன கேஸுல ஆடு கிடைக்க நாலு நாள் ஆச்சு."

பேச்சியம்மா சுருட்டை இரண்டு விரலால் பாணிலிருந்து பிடுங்கினாள். ஒரு முனை கருகியிருந்தது. மறுமுனையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். சுருட்டிய இலை சுருட்டியபடியே மூடியிருந்தது.

"சுலா, நம்ம ஊர்ல சுருட்டுக் குடிக்கிறவங்க முதல்ல என்ன செய்வாங்க?"

"பொண்டாட்டி இருக்காளான்னு பாப்பாங்க."

"அதுக்கப்புறம்."

"வாய்ல வைக்கிற முனையைக் கடிச்சுத் துப்புவாங்க. இல்லாட்டி புகை வராதே."

"இதுல பல்லே படல. ஆனா நெருப்பு வச்சிருக்கு. பத்த வச்ச ஆளுக்குக் குடிக்கிற எண்ணமே இல்ல."

"அப்ப யாரு குடிக்க?"

"அதைத்தான் கேக்கப் போறோம்," என்று எழுந்தாள் பேச்சியம்மா.

வெளியே வந்தபோது முன்கடையில் ஆட்கள் நின்றார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் குரோசான்கள் வரிசையாகப் படுத்திருந்தன. லிந்துலையில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "நண்டுப் பணிஸ் நாலு தாங்க" என்றுதான் கேட்டார்கள். விஜிதரனின் அப்பா சோலைமலை கல்லாவில் இருந்தார். தேயிலை ஸ்டோரில் ரோலர் ஓட்டி ஓய்வு பெற்றவர். வலது கையில் மூன்று விரல்தான். அந்த மூன்று விரலால் பணிஸ் எடுத்துப் பையில் போடுவதைப் பார்த்தால் ஐந்து விரல் ஆடம்பரம் என்று தோன்றும்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஹமீத் நானாவின் கடை. வெற்றிலை, மண்ணெண்ணெய், குடை, டோர்ச், சுருட்டு எல்லாம் அங்கே உண்டு. விஜிதரன் கடை திறக்கும் வரை பாணும் அங்கேதான்.

"நானா, ஸ்விஸ் பேக்கரி வந்து உங்க பாண் யாவாரம் படுத்துடுச்சாமே," என்று ஆரம்பித்தாள் சுலக்ஷனா. "எதிரி கடைக்குச் சுருட்டு அனுப்புற அளவுக்குக் கோபமா?"

"கோபமா? நானே அங்கதான் பாண் வாங்குறேன்," என்றார் ஹமீத். "என் பாண் எனக்கே பிடிக்காது புள்ள. போன வெள்ளிக்கிழமை ஒண்ணு வாங்கினேன். உள்ள வெத்தில இருந்துச்சு. முழு வெத்தில, காம்போட."

பேச்சியம்மா நிமிர்ந்தாள். "போய்ச் சொல்லலியா?"

"என்ன சொல்ல? ஸ்விஸ்காரங்களும் சாப்பாட்டோட வெத்தில போடுறாங்கன்னு நெனச்சேன். நாகரிகமானவங்கதான்னு எங்க வீட்டுல ஹலீமாகிட்டகூடச் சொன்னேன். அது பரவாயில்ல. செவ்வாக்கிழமை டயகமையில ஒரு கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் போன பாணுல முழு எலுமிச்சம்பழம்."

"அவராவது திருப்பிக் கொண்டு வந்தாரா?"

"ஓடிவந்தார். இன்னும் ரெண்டு இருக்கான்னு கேட்டு."

சுலக்ஷனா குடை அடுக்கைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இந்த ஊர்ல பாணுக்குள்ள செருப்பு இருந்தாலும் தொட்டுக்க என்னன்னுதான் கேப்பாங்க போல."

"வெளிநாட்டுப் பாண்னா நம்மாளுங்க வெளிநாட்டுக்காரன் அப்படித்தான்னு நெனச்சாங்க. வெளிநாட்டுக்காரி நம்ம நாடு இப்படித்தான்னு நெனச்சுட்டாங்க. அதான் முனங்காம மூணு பாணும் வயித்துக்குள்ள போயிருக்கு," என்றாள் பேச்சியம்மா. பிறகு சுருட்டை மேசைமேல் வைத்தாள். "இது உங்க கடைச் சரக்குதானே நானா?"

ஹமீத் முகர்ந்து பார்த்தார். "என்னுடையதுதான்."

"யாருக்கு வித்தீங்க?"

"அது சொல்ல ஏலாது. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கேட்டு வாங்கிட்டுப் போன ஆள். வாக்கு வாக்குதான்."

"பேர் வேணாம். ஆள் எப்படின்னு மட்டும் சொல்லுங்க."

ஹமீத் யோசித்தார். வாக்கு எந்த இடத்தில் முடிகிறது என்று அளந்து பார்ப்பதுபோல இருந்தது. "முதல்ல வெத்தில வாங்கினாங்க. பொறகு எலுமிச்சம்பழம். பொறகு சுருட்டு. நோட்டெல்லாம் ஒரே மாவு. சுருட்டு வாங்குற அன்னைக்கு மூக்கை இப்படிப் பொத்திக்கிட்டாங்க." சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூக்கைக் கிள்ளிக் காட்டினார். "சுருட்டு வாசனை ஆகாத ஆள் எதுக்குச் சுருட்டு வாங்கணும்? எனக்கும் அன்னைக்கெல்லாம் தூக்கமில்ல."

தெருவைக் கடக்கும்போது சுலக்ஷனாவின் குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, மாவுக் கை. வெத்தில, எலுமிச்சம்பழம், சுருட்டு. செவ்வா, வெள்ளி. இது சாமிக்கு வைக்கிற சாமான். லோஜினியோட அப்பா யாருன்னு தெரியுமா? தோட்டத்து ஸ்டோர்ல ரோதமுனிக்குப் பூசை போடுறவர்."

"தெரியும்."

"நம்மளைக் கூப்பிட்டு உக்கார வச்ச ஆளையே நாம மாட்டி விடப்போறோம் போல. இந்தத் தொழில்ல இது முன்னேற்றமா?"

பேச்சியம்மா நடையை எட்டிப் போட்டாள். நேராக அடுப்பறைக்குள் போனாள்.

போவது அவ்வளவு சுலபமாக இல்லை. விஜிதரன் இருவருக்கும் ஏப்ரன் கட்டினான், தலையில் வலை மாட்டினான், கைகழுவும் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தான். உள்ளே நடுநாயகமாக நின்றது மாவு பிசையும் மெஷின். இத்தாலியிலிருந்து கப்பலில் வந்தது. ஆள் உயரத்துக்கு மேலே இரும்புத் தலை. அதற்குக் கீழே கொக்கி. கொக்கிக்குக் கீழே அண்டா அளவில் வட்டில். தலையின் பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம்.

பேச்சியம்மா முதலில் குனிந்தாள். மெஷினின் கால்மாட்டில் தரையைப் பார்த்தாள். மெல்லிய மாவுத் தூசி கலையாமல் படிந்திருந்தது.

"சுலா, அந்த மாவு மூட்டைமேல ஏறு. மெஷின் உச்சியில கையை வச்சுப் பாரு."

சுலக்ஷனா ஏறினாள். கை சாம்பல் நிறத்தில் திரும்பி வந்தது. "சாம்பல்க்கா. நடுவுல சின்னதா கருகின வட்டம். பக்கத்துல எலுமிச்சைக் கறை."

விஜிதரன் அவசரமாக முந்திக்கொண்டான். "பாத்தீங்களா? மெஷின் வந்த அன்னைக்கே இவ கேட்டா. 'சக்கரம் இருக்கே சேர், ரோதமுனிக்கு ஒண்ணும் வைக்கலியா'ன்னு கேட்டா. இது யூரோப்பியன் ஸ்டேண்டர்ட், இங்க தெர்மாமீட்டர்தான் சாமின்னு சொன்னேன். பேப்பர்காரங்க வந்தப்பவும் அதையேதான் சொன்னேன். எனக்குத் தெரியாம வச்சிருக்கா."

"ரோதமுனின்னா?" என்றது ஒரு புதிய குரல்.

வாசலில் பஸ்மிலா நின்றார். ஹோட்டலுக்கு உணவுச் சாமான் வாங்கும் பொறுப்பில் இருப்பவர். கையில் ஒரு கடிதம். மணி பதினொன்றுதான்.

"ஸ்டோர்ல ரோதை இருக்கும் மிஸ், பெரிய சக்கரம். அதுக்குக் காவல் முனி," என்றாள் பேச்சியம்மா. "மெஷின்ல கை வைக்கிறவங்க அவருக்குப் படையல் வைப்பாங்க. வைக்காட்டி அவர் விரலா எடுத்துக்குவார்னு நம்பிக்கை."

"சுவாரசியமா இருக்கு. எங்க ஹோட்டல் மெனுவுல சேர்க்க முடியாது," என்றார் பஸ்மிலா. "பேரைச் சொல்லுங்க."

"லோஜினி," என்றான் விஜிதரன்.

"பொறுங்க," என்றாள் பேச்சியம்மா. "லோஜினி, இங்க வா. உங்கப்பா ஸ்டோர்ல எப்படிப் படைப்பாரு? நீ அப்படியே செஞ்சு காட்டு."

லோஜினி ஏப்ரனை இன்னும் இறுக்கிச் சுருட்டினாள். செய்து காட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்று அவள் பயந்தது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனாலும் மெதுவாக முன்னால் வந்து, மெஷினின் கால்மாட்டில் மண்டியிட்டாள். இல்லாத இலையை விரித்தாள். இல்லாத எலுமிச்சம்பழத்தை வைத்தாள். இல்லாத சுருட்டை அதன் அருகே படுக்கவைத்தாள்.

"தரையிலயா? மேல வைக்க மாட்டீங்களா?"

லோஜினி நிமிர்ந்து பார்த்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் பயம் போய்க் கோபம் வந்தது. "தலைமேலயா? சாமிக்குக் காலடியிலதான்க்கா வைப்பாங்க. தலைமேல கொண்டுபோய் யாராவது நெருப்போட சுருட்டு வைப்பாங்களா? எங்கப்பா பாத்தா செருப்பைக் கழட்டுவாரு."

பேச்சியம்மா பஸ்மிலாவிடம் திரும்பினாள். "கால்மாட்டுல தூசி கலையல மிஸ். எல்லாம் தலைமேல இருக்கு. வச்ச ஆளுக்குப் படையல் வைக்கணும்னு தெரியும், எங்க வைக்கணும்னு தெரியாது. சின்ன வயசுல தூரத்துல நின்னு பாத்த ஆள். ரொம்ப நாள் ஊர்ல இல்லாத ஆள்."

விஜிதரன் சட்டைப் பையிலிருந்த தெர்மாமீட்டரை எடுத்துத் துடைத்தான். 

"சுலா, ஹமீத் நானா கடையில ஒரு எலுமிச்சம்பழம், ஒரு சுருட்டு, ஒரு நெருப்புப் பெட்டி."

சுலக்ஷனா போய்வருவதற்குள் விஜிதரன் அடுப்பின் சூட்டை இரண்டு தடவை பார்த்தான். இரண்டு தடவையும் அது அணைந்துதான் இருந்தது.

எலுமிச்சம்பழம் மெஷினின் உச்சிக்குப் போனது.

"போடுங்க தம்பி," என்றாள் பேச்சியம்மா.

விஜிதரன் சுவிட்சைப் போட்டான். கொக்கி மெல்லச் சுற்றியது. பழம் அசையவில்லை.

"கடைசியில வேகம் கூட்டுவீங்கள்ல, அதைப் போடுங்க."

இரண்டாவது வேகத்தில் மெஷின் உதறத் தொடங்கியது. உச்சியில் இருந்த எலுமிச்சம்பழம் திடுக்கிட்டு எழுந்ததுபோல ஒரு துள்ளு துள்ளியது. பிறகு தோட்டத்தில் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்குப் பிந்திவிட்ட ஆள்போல அவசர அவசரமாக விளிம்பை நோக்கி நடந்தது. விளிம்பில் ஒரு கணம் நின்றது. வட்டிலுக்குள் விழுந்தது.

"தற்கொலை," என்றாள் சுலக்ஷனா.

"பிசைஞ்சு முடியிற நேரத்துல விழுறதால நசுங்காம மாவுக்குள்ள புதையுது. பெரிய பாணா வெட்டி வச்சா வெளியே தெரியாது," என்றாள் பேச்சியம்மா. அப்படிச் சொல்லிக்கொண்டே சுருட்டின் முனையில் நெருப்பை வைத்து, புகையை விஜிதரன் பக்கம் விசிறினாள்.

விஜிதரனின் கை தானாக எழுந்தது. சுண்டுவிரல் நீண்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மூக்கைக் கிள்ளின.

"ஹமீத் நானா பேர் சொல்லல," என்றாள் சுலக்ஷனா. "மூக்கை மட்டும்தான் சொன்னாரு."

முன்கடையிலிருந்து சோலைமலை வந்து வாசலில் நின்றிருந்தார். "தம்பி, நீயா?" என்றார்.

விஜிதரன் தொப்பியைக் கழற்றினான். உயரம் பாதியாகிவிட்டது.

"மெஷின் வந்த முதல் வாரம் என் வாட்சைக் கடிச்சு எடுத்துடுச்சுப்பா. கையில இருந்து உருவிக்கிட்டுப் போச்சு. அன்னைக்கு ராத்திரி பூரா உங்க கைதான் கண்ணு முன்னால நின்னுச்சு. ஸ்டோருக்குப் புது துரை வந்து படையலை நிப்பாட்டின மாசம்தானே உங்களுக்கு ரெண்டு விரல் போச்சு. பேப்பர்காரங்ககிட்ட அவ்வளவு பேசிட்டு யார்கிட்டப் போய்க் கேக்குறது? தனியா இருக்கிற நேரம் பாத்து வெத்தில வச்சேன். காலைல மாவு பிசைஞ்சுட்டுப் பாத்தா காணோம். ஏத்துக்கிட்டார்னு நெனச்சேன். எலுமிச்சம்பழம் வச்சேன். அதுவும் காணோம். அவருக்குப் பிடிச்சிருக்குன்னு தைரியம் வந்துதான் சுருட்டுக்குப் போனேன்."

"அப்ப பாணுல சுருட்டு வந்ததும் உனக்குத் தோணலியா?" என்றார் சோலைமலை.

"என்னோட சுருட்டைத்தான் முனி எடுத்துக்கிட்டாரே. அப்ப பாணுல இருந்தது வேற சுருட்டுன்னு..." அவன் லோஜினியைப் பார்த்தான்.  "மேல இருந்த சாம்பல் என்னதுன்னு சொல்ல வெக்கம். பாணுல இருந்தது இவ வச்சதுன்னு உண்மையாவே நம்பினேன். மன்னிச்சுக்கம்மா."

லோஜினி ஏப்ரனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மெஷினைக் கேட்டிருக்கலாம் சேர்," என்றாள். "என்னையும் கேட்டிருக்கலாம்."

"பதினொரு வருஷம் சூரிச்சுல பாண் சுட்ட மூளை," என்றாள் சுலக்ஷனா. "அளக்க மறந்த சூடு இது ஒண்ணுதான்."

பஸ்மிலா கடிதத்தை மேசைமேல் விரித்தார். "எனக்கு முனி விஷயத்துல அபிப்பிராயம் இல்ல. இதுல என்ன போட்டிருக்குன்னா, செஞ்ச ஆள் அடுப்பறைக்குள்ள கால் வைக்கக் கூடாது. முதலாளி வெளியேத்தணும். கீழ கையெழுத்து."

"மிஸ், முதலாளியே நான்தான்."

"அப்ப இந்த இடத்துல முதலாளியா போடுங்க. இந்த இடத்துல வெளியேத்தப்பட்ட ஆளா போடுங்க."

"பாண் யார் சுடுறது?"

பஸ்மிலா லோஜினி பக்கம் திரும்பினார். "நண்டுப் பணிஸ் நீ மடிப்பியா?"

"நான்தான் மிஸ் மடிக்கிறேன்," என்றாள் லோஜினி. "வெண்ணெய் உருகுறதுக்குள்ள மடிக்கணும். சேர் தெர்மாமீட்டரைப் பாத்து முடிக்கிறதுக்குள்ள நான் மடிச்சு வச்சிடுவேன்."

"புளிச்ச மாவு?"

"அதுவும் நான்தான் மிஸ். காலைல பெரிய பாண் மாவு பிசையுறது மட்டும் சேர்."

"பிசையுறதுலதான் சுருட்டு விழுந்துச்சு," என்று சுலக்ஷனா ஞாபகப்படுத்தினாள்.

விஜிதரன் அப்பாவைப் பார்த்தான். சோலைமலை மூன்று விரலால் பேனாவை எடுத்து மகனிடம் நீட்டினார். அவன் முதல் இடத்தில் கையெழுத்துப் போட்டான். கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டாவது இடத்திலும் போட்டான். பஸ்மிலா இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தலையசைத்தார்.

"திங்கக்கிழமை இருபது பாண், எம்பது பணிஸ். பொறுப்பு லோஜினி. கொண்டு வந்து தர்றது யாரு?"

"சேர் கொண்டு வருவார் மிஸ்," என்றாள் லோஜினி. கையிலிருந்த ஏப்ரனை உதறிக் கட்டிக்கொண்டாள். வட்டிலிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மாவு மூட்டையை அவிழ்த்தாள்.

விஜிதரன் வாசலுக்கு வெளியே போய் நின்றான். ஏதோ சொல்ல வந்தவன்போல ஒரு காலை உள்ளே வைத்தான். பஸ்மிலா அந்தக் காலைப் பார்த்தார். அவன் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

"தண்ணி இருபத்தாறு டிகிரி இருக்கணும்மா," என்றான்.

"தெரியும் சேர். கதவைச் சாத்துங்க. பனிக்காத்து அடிச்சா மாவு பொங்காது."

விஜிதரன் கதவைச் சாத்தினான், வெளிப்பக்கமிருந்து.